ஏழாவது பாடத்தில் அடிப்பிடித்த சாம்பார்

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, சாயங்கால வேளையில் நாலைந்து பெண்கள் மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரி விட்டதும் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்களிடம் மீன் வாங்குவது என் வழக்கம். அன்றைக்கு நான் வழக்கமாக வாங்கும் பெண் வரவில்லை. பக்கத்தில் இருந்த புதுமுகத்திடம் சங்கரா விலை கேட்டேன். அவள் சொன்ன விலையில் எனக்குத் திருப்தி இல்லை.

நான் பேரம் பேசினால் பாடம் எடுப்பது போல இருக்கும் என்று என் கணவர் சொல்வார். "கவனிங்கம்மா, போன வாரம் இதே சங்கரா என்ன விலை வித்துச்சு? இப்ப ஏன் ஏறுச்சு? காரணம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னொரு தபா பேசு யக்கா."

"என்னம்மா?"

"எதுனா பேசு. 'கவனிங்க'ன்னு சொன்னியே, அத்த சொல்லு."

எதற்கு என்று தெரியாமலே, "கவனிங்க" என்றேன்.

அவள் அடுத்த கூடைக்காரியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏ கன்னிம்மா! இங்க பாருடி, நம்ம சாம்பார் டீச்சரு!"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மாணவர்கள் எனக்கு வைத்த பட்டப் பெயர்களில் சில என் காதுக்கு வந்திருக்கின்றன, பல வரவில்லை. ஆனால் சாம்பார் டீச்சர் என்று நடுத்தெருவில் ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவளும் என்னைப் பார்த்ததில்லை. என் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் கல்லூரிக்குள் கம்ப்யூட்டர் வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிக்கிறேன். எனக்கு இந்த வாரம் வேறு வேலை இல்லை.

மூடியைக் கழற்றியவள்

திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது எங்கள் கல்லூரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு பழைய புரொஜக்டர் இருந்தது. அதற்கு வெல்வெட் உறை போட்டு, முதல்வர் அறை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துப் பொட்டு வைத்து, பொரி தூவி, மறுபடி உள்ளே வைப்பார்கள். பாடம் நடத்த அதை யாரும் தொட்டதில்லை. பல்பு போய்விடுமாம்.

பிறகு காலம் மாறியது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு புது புரொஜக்டர் வந்தது. எங்கள் துறைக்கு வந்தது மட்டும் வேலை செய்யவில்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சத்தம் வரும், படம் வராது. அந்தச் செமஸ்டர் முழுக்க அதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஒருநாள் கரும்பலகையைத் துடைக்கப் போன நான், புரொஜக்டரின் முன்பக்கம் கறுப்பாக ஒரு மூடி இருப்பதைப் பார்த்துக் கழற்றினேன். சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது.

நான் செய்த தவறு அதுதான். அன்று முதல் கல்லூரியில் எது பழுதானாலும் "பொருளாதாரம் மேடத்தைக் கூப்பிடு" என்று ஆகிவிட்டது. கொஞ்ச காலத்துக்கு முன்னால், பாடத்தில் பாதியை நேரிலும் பாதியை இணையத்திலும் நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒருங்கிணைப்பாளர் யார் என்ற கேள்வி ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தபோது, அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. ஒரு மூடிக்கு இவ்வளவு தண்டனையா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முதல்வருக்கோ தலைகால் புரியவில்லை. அவர் நல்ல மனிதர். புதிதாக எது வந்தாலும் அதற்கு முதலில் பேனர் அடிப்பார், பிறகு அது என்னவென்று விசாரிப்பார். 'கலப்புமுறைக் கற்றலில் முன்னோடி' என்று வாசலில் பேனர் ஏறிய அன்று, எங்களில் ஒருவர்கூட ஒரு வீடியோவும் எடுத்திருக்கவில்லை.

கல்பாக்கத்து ஒழுங்கு

வீடியோவை வீட்டிலேயே எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். என் வீடு செங்கல்பட்டில், ரயில் பாதையை ஒட்டினாற்போல இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்தால் பத்து வாக்கியத்துக்கு ஒரு ரயில் போகும். படுக்கையறையில் உட்கார்ந்தால் கீரை வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கேட்கும். சத்தம் வராத ஒரே இடம் அடுப்படிதான். அதன் ஜன்னல் பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்து இருக்கிறது. ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நின்று பொருளாதாரம் நடத்தினேன்.

கேமரா என் கணவர் பொறுப்பு. அவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே எதையும் முறைப்படி செய்து செய்து, காலையில் பல் தேய்ப்பதைக்கூட அனுமதி வாங்கிக்கொண்டு செய்கிறவர் போலச் செய்வார். என் கைபேசியை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு, அணுஉலையைத் திறக்கப் போகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"ஃபேன்?"

"ஆஃப்."

"காலிங் பெல்?"

"ஒயர் கழட்டியாச்சு."

"அடுப்பு?"

"சிம்ல இருக்குங்க. ஆரம்பிங்க, கால் வலிக்குது."

ஏழாவது பாடம் எடுத்த அன்று இந்த மூன்றாவது பதிலைத்தான் சொன்னேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டு பதிவைத் தொடங்கினார்.

அன்றைய பாடம் பொதுப் பண்டங்கள். ஒருவர் அனுபவிப்பதால் அடுத்தவருக்குக் குறையாதது, யாரையும் வேண்டாம் என்று விலக்க முடியாதது எதுவோ, அது பொதுப் பண்டம். எல்லாப் பாடப் புத்தகங்களிலும் இதற்குச் சொல்லும் உதாரணம் கலங்கரை விளக்கம். எனக்கு அது வசதி. மாமல்லபுரத்தில் பாறை மேல் நிற்பதை எங்கள் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்க்கிறார்கள். "கடலில் போகிற ஒவ்வொரு படகிடமும் போய், நீ என் வெளிச்சத்தைப் பார்த்தாயா, வாடகை கொடு என்று கேட்க முடியுமா?" என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது மூக்கில் அந்த வாடை ஏறியது.

"என்னங்க! முள்ளங்கி சாம்பார் அடிப்பிடிக்குது! பாத்துக்கிட்டே நிக்கறீங்களே!"

கேமராவுக்குப் பின்னாலிருந்து அமைதியான குரல் வந்தது. "ரெக்கார்டிங் போயிட்டு இருக்கு, வசந்தி."

"ரெக்கார்டிங்கையா சோத்துல ஊத்திச் சாப்பிடப் போறீங்க?"

பாத்திரத்தை இறக்கி வைத்த சத்தம், நான் முணுமுணுத்தது, அவர் தும்மியது எல்லாம் பதிவானது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கவனிங்க, படகு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அந்தப் பகுதியை வெட்டச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "நடந்தது நடந்ததுதான். பதிவானதுல கை வைக்கிற பழக்கம் எனக்கு எந்த நாள்லயும் இல்ல" என்றார். எனக்கு வெட்டத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து நடத்த உடம்பில் தெம்பும் இல்லை. தவிர, வீடியோவில் பாதிக்கு மேல் எவன் கேட்கப் போகிறான் என்று ஒரு நினைப்பு. வகுப்பறையில் நேருக்கு நேர் நின்று நடத்தும்போதே பின் பெஞ்சில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஒவ்வொரு வீடியோவையும் முதல்வர் தம் இணையக் கணக்கில் முழுவதும் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அது மாணவர்களுக்குத் திறக்கும். ஏழாவது பாடம் ஒரு கேள்வியும் இல்லாமல் திறந்தது. முதல்வருக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

'நீங்கள் இருக்கிறீர்களா?'

வீடியோக்களைப் பார்க்க ஒரு போர்ட்டல் வைத்திருந்தார்கள். அதைச் செய்து கொடுத்த நாவலூர் நிறுவனத்திலிருந்து விக்னேஷ் என்ற பையன் வந்து போவான். தாடியும் முதுகுப் பையுமாக, பார்த்தால் கல்லூரியில் சேர வந்தவன் போலிருப்பான். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான். "சிஸ்டம் அலோ பண்ணாது மேடம்."

அந்த சிஸ்டம் யாரையும் நம்பாது. வீடியோ ஓடும்போது நடுநடுவே திரையில் 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். 'இருக்கிறேன்' என்று அமுக்கினால்தான் மேலே ஓடும். அமுக்கியவர்களுக்கு வருகைப் பதிவு. வருகை குறைந்தால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

எங்கள் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? விடுதியில் ஒருவன் எல்லாருடைய கைபேசியையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, ஆர்மோனியம் வாசிப்பது போல அமுக்கிக்கொண்டிருந்தான். திருப்போரூர் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா மாவு ஆட்டிக்கொண்டே அமுக்கிக் கொடுத்தார். அவனைக் கேட்டால், "அம்மாதான் மேடம் எனக்கு எல்லாம்" என்றான். போர்ட்டலில் இவர்கள் எல்லாருக்கும் முழு வருகை.

செமஸ்டர் முடியும் தறுவாயில், வருகை இல்லாதவர்களின் பெயர்கள் வந்தன. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் பிள்ளைகள் நாலு பேருக்குச் சுழியம். அதில் ஒருத்தி ரேவதி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறுதியாண்டில் என் வகுப்பில் குறுக்குக் கேள்வி கேட்கிற ஒரே பெண் அவள்தான். நாவலூரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். இந்தப் பரீட்சையை எழுதித் தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவள் வீட்டில் மாதச் சம்பள வேலைக்குப் போகப்போகும் முதல் ஆள்.

கூப்பிட்டுத் திட்டினேன். நான் திட்டினால் சுவருக்கும் வலிக்கும். "ஒரு வீடியோகூடவா பாக்கல? கையில இருக்கற வேலையைக் கோட்டை விடப்போறியா?"

"எல்லாத்தையும் கேட்டோம் மேடம். ஒண்ணுகூட விடல. சத்தியமா."

"அப்புறம் ஏன் சுழியம் காட்டுது?"

தலையைக் குனிந்துகொண்டாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பெயரவில்லை. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவளுமா என்று அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அந்தக் கடுப்போடுதான் பஸ்ஸுக்கு வந்து, சங்கரா விலை கேட்டேன்.

அம்மன் கோயில் ஒலிபெருக்கி

"உன்னாண்ட படிக்கிற ரேவதி என் பொண்ணுதான்" என்றாள் மீன்காரப் பெண். அவள் பெயர் தேசம்மா. "எங்க குப்பத்துல எங்க டவர் எடுக்குது? ஏலக் கூடத்தாண்ட மட்டும்தான், அதுவும் அவ கூட படிக்கிற சந்துரு போன்ல மட்டும்தான் எடுக்கும். அத்தோட அம்மன் கோயிலு மைக்க சொருகிடுவாங்க. நீ பாட்டுக்கு பேசிகினு கீற. நாங்க பாட்டுக்கு வலைய பின்னிகினு கீறோம்."

"ஒலிபெருக்கியிலயா?"

"பின்ன? புயலு கியலுன்னா சொல்றதுக்கு வெச்சிகீற மைக்கு. நாலு கொழாய். குப்பம் பூரா கேக்கும்."

தினமும் சாயங்காலம், ஒரு கடற்கரை முழுக்க, என் குரல் நாலு குழாயில் ஒலித்திருக்கிறது. பிள்ளைகள் ஏலக் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறார்கள். கோட்டுப்படம் வரும்போது மட்டும் கைபேசியைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுற்றிலும் வலை பின்னுகிறவர்கள், நண்டு பிரிக்கிறவர்கள், சும்மா படுத்திருக்கிறவர்கள் எல்லாரும் தேவை, அளிப்பு, ஏகபோகம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். கூடவே முள்ளங்கி சாம்பாரையும்.

"எங்க வூட்டுக்காரருக்கு உன் பாடம்னா உசுரு" என்றாள் தேசம்மா. "கேட்ட ஒடனே தூங்கிடுவாரு."

மீனுக்குக் குறைத்துத் தருகிறேன் என்றாள். எனக்குப் பேரம் பேசுகிற எண்ணமே போய்விட்டது. சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

கலங்கரை விளக்கம் யாரிடம் லாகின் கேட்கிறது?

மறுநாள் ரேவதியைப் பிடித்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "சந்துரு லாகின்ல எல்லாரும் கேட்டோம்னு தெரிஞ்சா அவன் வருகையையும் புடுங்கிடுவாங்கன்னு பயம் மேடம்" என்றாள். அவளை இழுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். விக்னேஷ் அங்கே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையை ஆட்டினான். "ஒரு லாகினுக்கு ஒரு ஹெட்தான் மேடம். அஞ்சு பேர் கேட்டாங்கன்னா சிஸ்டம் அலோ பண்ணாது."

"சார்" என்றாள் ரேவதி, முதல்வரைப் பார்த்து. "எங்க ஊர்ல ஒரு போட்டு கடலுக்குப் போயிட்டு வந்தா, கரையில வலை இழுத்தவங்களுக்கும் பங்கு உண்டு சார். போட்டு யார் பேர்ல கீதுன்னு பாக்க மாட்டாங்க. அப்படித்தான் நெனச்சி சந்துரு லாகின்ல போட்டோம்."

"இது கல்லூரிம்மா. மீன்பிடி இல்ல" என்றார் முதல்வர்.

"ஏழாவது பாடத்துல மேடம் சொன்னாங்க சார். ஒருத்தர் அனுபவிச்சா அடுத்தவங்களுக்குக் கொறையக் கூடாது, யாரையும் வெலக்க முடியாது, அது பொதுப் பண்டம்னு. குழாய்ல வர்ற பாடமும் அப்படித்தான சார்? கலங்கரை விளக்கம் யாராண்ட சார் லாகின் கேக்குது?"

எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷ வேலையில் நான் நடத்திய ஒரு பாடத்தை எடுத்து ஒரு மாணவி எங்கேயாவது பயன்படுத்தியதை அன்றுதான் பார்த்தேன். எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முதல்வர் முன்னால் அதைச் செய்யவில்லை.

முதல்வருக்கும் உள்ளுக்குள் பிடித்திருந்தது. ஆனாலும், "நல்லாத்தான் பேசற. நெஜமாவே முழுசாக் கேட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டறது?" என்றார்.

"நேர்ல வந்து பாருங்க சார்" என்றேன். அவர் தயங்கினார். அவருடைய பலவீனம் எனக்குத் தெரியும். "கடலோரம், ஒலிபெருக்கி, மீனவ மாணவர்கள். போட்டோ நல்லா வரும் சார்."

அவர் கண்ணில் பேனர் தெரிந்தது.

முருங்கையா, முள்ளங்கியா?

இரண்டு நாள் கழித்து, 'கடலலையில் கலப்புமுறைக் கற்றல்' என்று அடித்த பேனரைக் காரின் மேல் கட்டிக்கொண்டு முதல்வர் வந்தார். விக்னேஷ் கூட வந்தான். என்னை என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஒலிபெருக்கி இணைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார்.

ஏலக் கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வலைகளுக்கு நடுவே ஆண்கள், கூடைகளுக்கு நடுவே பெண்கள். முதல்வர் நாற்காலியில் அமர்ந்து, மைக்கை வாங்கி, நீளமாக ஒரு உரை ஆற்றினார். புயல் எச்சரிக்கை இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

பிறகு தேர்வு தொடங்கியது. "ஏழாவது பாடத்தின் சாரம் என்ன?" என்று கேட்டார். ரேவதி எழுந்து மணிமணியாகச் சொன்னாள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு உதாரணம் கொடுத்தார்கள்.

"இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கே" என்றார் முதல்வர். "வீடியோவைக் கேட்டதுக்கு என்ன ஆதாரம்?"

இந்த மனிதர் பேனரை மட்டும் கட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அப்போது வலைக்கு நடுவிலிருந்து ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "அந்தப் பாடத்துலதான சார் சாம்பாரு அடிபுடிச்சிது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒரு பெண் என் குரலிலேயே, "ரெக்கார்டிங்கையா சோத்துல ஊத்தப் போறீங்க?" என்றாள். பயங்கரமான ஒற்றுமை. நான் அப்படித்தான் பேசுகிறேனா என்று வெட்கமாகிவிட்டது.

முதல்வர் என்னைப் பார்த்தார். "எந்தச் சாம்பார்?"

சிரிப்பு நின்றது. விக்னேஷ் மடிக்கணினியைத் தட்டினான். அவன் நல்ல பையன். சூது வாது தெரியாது. "சார், உங்க ஐடில ஏழாவது வீடியோ ஹண்ட்ரட் பர்சென்ட் பாத்ததா காட்டுது சார். 'நீங்கள் இருக்கிறீர்களா'வுக்கு எல்லாத் தடவையும் 'இருக்கிறேன்' அமுக்கியிருக்கீங்க சார்."

"ஆங்... ஆமா... ஆமா, அந்தச் சாம்பார்" என்றார் முதல்வர். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "மறக்க முடியுமா அதை!"

தேசம்மா இடுப்பில் கைவைத்து எழுந்தாள். "அப்படியா? இன்னா சாம்பாரு சார் அது, சொல்லு பாப்போம். முருங்கக்காயா, முள்ளங்கியா?"

முதல்வர் கடலைப் பார்த்தார். விக்னேஷைப் பார்த்தார். பிறகு தைரியமாக ஒரு முடிவுக்கு வந்தார்.

"முருங்கைக்காய்."

"முள்ளங்கி!" என்றது குப்பம் மொத்தமும் ஒரே குரலில். குழந்தைகள்கூடச் சொன்னார்கள்.

இந்தக் கூச்சலில் சந்துரு மெதுவாகக் கையைத் தூக்கினான். முழு வருகை பெற்றவன். "சார், பாதி நாளு என் போனுதான் சார் இங்க இருந்திச்சி. நான் அப்பா கூட கடல்ல இருந்தேன். ஆனா மேக்கு காத்து அடிச்சா கொழா சத்தம் எங்க போட்டு வரைக்கும் கேக்கும் சார். சாம்பாரு அன்னிக்கி மேக்கு காத்துதான்."

முதல்வர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு விக்னேஷிடம், "இந்தப் பிள்ளைங்களுக்கு வருகை போட்டுடு" என்றார்.

"சிஸ்டம் அலோ பண்..."

"பண்ணும்" என்றார் முதல்வர். அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. விக்னேஷ் அங்கேயே உட்கார்ந்து எதையோ தட்டினான். சிஸ்டம் அலோ பண்ணியது.

ரேவதி என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அவள் பரீட்சை எழுதியதும், தேறியதும், இப்போது நாவலூருக்கு பஸ் ஏறுவதும் பிறகு நடந்தவை. ஆனால் என் மனசில் அது அந்த நிமிஷத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவளுக்காக மட்டுமில்லை. பாதிக்கு மேல் எவன் கேட்கப் போகிறான் என்று நான் நினைத்த ஒரு பாடத்தைக் கடைசி வரை கேட்டவர்கள் என் எதிரில் நிறைந்திருந்தார்கள்.

கிளம்பப் போனோம். தேசம்மா வழியை மறித்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் டீச்சரம்மா. அன்னிக்கி அந்த சாம்பார உன் வூட்டுக்காரரு துன்னாரா, இல்லியா? எட்டாவது பாடத்துல சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தோம். நீ பாட்டுக்கு வட்டி விகிதம்னு பூட்ட. பெரிய பேஜாராப் பூடுச்சி எங்களுக்கு."

கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நானும் யோசித்தேன். அன்று அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்கே நினைவில்லை. நான் கோபத்தில் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். கேட்ட கேள்விக்கு உள்ளது உள்ளபடி பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. மைக்கை எடுத்து, ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சாப்பிட்டேன். வாடை இருந்தது. இருந்தாலும் ரெண்டு தடவை ஊத்திக்கிட்டேன். அவகிட்ட சொல்லல."

நாலு குழாயிலும் அது போயிற்று. குப்பம் கைதட்டியது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினேன். தூரத்தில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. அதில் நின்றவன் கையை உயர்த்தி ஆட்டினான். மேற்குக் காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.